ஏழாம் கட்டிலின் காலைச் சாப்பாடு

போன ஆடி மாதம் காலில் புண் வந்து, நான் முப்பத்தோரு வருஷம் வேலை செய்த அதே ஆஸ்பத்திரி வாட்டில் எட்டு நாள் நானே படுத்துக் கிடந்தேன். ஊசி போட்ட கைக்கு ஊசி வாங்கிக்கொள்ளவும் தெரியவேண்டாமா? எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து ஒன்பது வருஷமாகிறது. மருத்துவத் தாதியாக இருந்தவளுக்குச் சீனி வருவதும் போலீஸ்காரர் வீட்டில் திருட்டுப் போவதும் ஒன்றுதான், கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வரும்.

சேர்ந்த முதல் நாளே ருஸ்னா என்ற இளம் தாதி ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் மேல் ஒரு சின்னத் திரை. "மிஸ், இப்ப டிக்கெட் எல்லாம் இதுலதான்" என்று பெருமையாகக் காட்டினாள். கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளியின் தாள்களைத்தான் நாங்கள் டிக்கெட் என்போம். நோயாளியின் கதை முழுவதும் அதில் இருக்கும். வீட்டுக்கு அனுப்பினால் "டிக்கெட் வெட்டிட்டாங்க" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். காய்ச்சல், இரத்த அழுத்தம், மருந்து எல்லாம் அழகாக இருந்தன. இன்சுலின் பக்கத்தில் "காலை உணவு" என்று போட்டு, எதிரே இரண்டே பெட்டி. ஆம், இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"இதுல பொய் சொல்றது ரொம்ப லேசு மகள்" என்றேன்.

"ஏன் மிஸ் அப்பிடிச் சொல்றீங்க?" என்று கேட்டாள். அது பெரிய கதை மகள் என்றேன். எழுதித் தாருங்கள், வாட்டில் எல்லாரும் படிப்போம் என்றாள். அவள் கேட்டதற்காகத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். மாத்தளை மாவட்டத்தில், வாசலில் பஸ் நிற்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொண்டால் போதும்.

என் அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார், அம்மா கொழுந்து பறித்தாள். நான் கண்டியில் மூன்று வருஷம் தாதியர் பயிற்சி எடுத்தேன். சிங்களத்தில் பாடம், ஆங்கிலத்தில் மருந்துப் பெயர், தமிழில் அழுகை. அதற்கு மேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தாதியை மிஸி என்பார்கள், ராஜேஸ்வரி என்ற என் பெயர் ராஜி மிஸி ஆனது, அவ்வளவுதான்.

நான் உண்மையில் வேலை படித்தது சோமலதா சிஸ்டரிடம். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் அவர். நாவுலயில் வயல் வைத்திருந்த குடும்பம். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருவார், பையில் கத்தரிக்காயோ மிளகாயோ இருக்கும், எங்களுக்கும் பங்கு உண்டு. குட்டையான உருவம். எப்போதும் வாயில் ஒரு கராம்பு. யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. பிழை செய்தால் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார். நாமே கண்டுபிடிக்கும் வரை நிற்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிவிடலாம் என்றிருக்கும்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. டிக்கெட்டை அடியிலிருந்து மேலே வாசிப்பார். மேலிருந்து வாசித்தால் எழுதினவன் சொல்லும் கதையை நம்பிவிடுவோமாம். அடியிலிருந்து வாசித்தால்தான் எது பொருந்தவில்லை என்று தெரியுமாம். பேச்செல்லாம் சிங்களம்தான். நோயாளிகளிடம் பொறுக்கிய கொஞ்சம் தமிழும் வைத்திருந்தார். அதில் எனக்கென்று ஒதுக்கியது மூன்றே சொல்தான். நான் டிக்கெட்டில் எதை எழுதினாலும் விரலை அதன் மேல் வைத்துக் கேட்பார்: "பாத்ததா? பாத்தா எழுது."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நடந்ததை முதலில் சொல்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டிலுக்குப் போனேன்.

"நீங்கதானே லெச்சுமி?"

"ஆமாங்க மிஸி."

மாத்திரை அந்த அம்மாவின் உள்ளங்கையில் விழப்போகும்போது சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "பேரு என்னா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

"மீனாச்சிங்க."

லெச்சுமி குளிக்கப் போயிருந்தாள். வெயில் படுகிறது என்று மீனாச்சி கட்டில் மாறி உட்கார்ந்திருந்தாள். பிறகு எதற்கம்மா ஆமான்னு சொன்னீங்க என்று கேட்டேன். "மிஸி கேட்டீங்க, ஆமான்னேன்" என்றாள், அதில் என்ன பிழை என்பது போல.

இதை முட்டாள்தனம் என்று யாரும் எண்ணவேண்டாம். தோட்டத்தில் துரை கேட்டாலும் கங்காணி கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லித்தான் எங்கள் ஆட்கள் பல தலைமுறை பிழைத்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான். வெள்ளைச் சட்டை போட்டவரைக் கண்டால் தலை தானாக ஆடும். அன்றிலிருந்து சிஸ்டர் எனக்கு ஒரு சட்டம் போட்டார். பெயரை நீ சொல்லாதே, அவர்கள் வாயிலிருந்து வரட்டும். முப்பத்தோரு வருஷமும் அதை மீறவில்லை. ஆனால் பெயருக்குச் செய்ததைச் சோற்றுக்கும் செய்யவேண்டும் என்று புத்தி வரப் பத்து வருஷம் பிடித்தது, அதுவும் ஒருத்தியின் கையை உடைத்த பிறகு.

அதற்கு முன் பல்லேகம ஊர்ப் பெரியவரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோயாளியாக இருப்பது எப்படி என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். வயல் வேலை செய்கிற சிங்கள மனிதர். எழுந்து நின்றால் தலைசுற்றி விழுகிறார் என்று கொண்டுவந்தார்கள். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டதும் தோளில் கிடந்த துவாய் மூட்டையைக் கட்டிலில் அவிழ்த்துக் கொட்டினார். கிளினிக் மாத்திரை, மாத்தளையில் தனியார் டொக்டர் கொடுத்தது, நாட்டு வைத்தியரின் குளிகை, பேரப்பிள்ளையின் இருமல் பாணிப் போத்தல்கூட இருந்தது. நாங்கள் சிரித்துவிட்டோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கை விரிப்பில் வரிசையாக வைத்தார். கிளினிக்கின் வெள்ளை மாத்திரையும் தனியாரின் ரோஸ் மாத்திரையும் ஒரே மருந்து. அட்டையில் பெயர்தான் வேறு. மனிதர் இரண்டு மடங்கு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே, அதுதான் எல்லாத்தையும் கொண்டுவந்தேன்" என்றார் அவர். அவருக்கு நான்காம் நாள் டிக்கெட் வெட்டினார்கள். மறைக்காமல் மூட்டையைக் கொட்டின நோயாளி தன் உயிரைத் தானே பாதி காப்பாற்றிக்கொள்கிறான். நாட்டு மருந்தைச் சொன்னால் டொக்டர் ஏசுவாரோ என்று ஒளிப்பவர்கள்தான் எங்களை அதிகம் பயமுறுத்தினார்கள்.

இனி பாக்கியம் அக்காவின் கதைக்கு வருகிறேன்.

பாக்கியம் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள். நாற்பத்தெட்டு வயது. காலில் முள் குத்திய புண் ஆறாமல், பார்த்தால் சீனி ஏறிக் கிடந்தது. ஏழாம் கட்டிலில் போட்டு இன்சுலின் தொடங்கியிருந்தோம். ஐந்து நாளில் வாட் முழுவதும் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. எட்டாம் கட்டில் பெண்ணுக்குத் தலைவாரிவிடுவாள், சுத்தம் செய்ய வரும் மெனிக்கேயிடம் சிங்களத்தில் ஊர்க்கதை கேட்பாள். என்னைக் கண்டால் ஒரே கேலி: "மிஸி ஊசியில கெட்டிக்காரி, கல்யாணத்துலதான் பின்னுக்கு." எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

இன்சுலின் போடுவதற்கு எங்கள் வாட்டில் ஒரு முறை இருந்தது. மருந்துப் போத்தலைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டவேண்டும். எத்தனை யூனிட் என்று ஒருத்தி டிக்கெட்டில் வாசிக்க, மற்றவள் ஊசியில் அளவைக் காட்டவேண்டும். சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கு வந்த பிறகுதான் ஊசி. அரை மணித்தியாலத்தில் திரும்பிப் போய்த் தட்டைப் பார்க்கவேண்டும். இதை நாங்கள் இரண்டாம் சுற்று என்போம். தட்டு காலியானதைக் கண்ணால் கண்ட பிறகுதான் "காலை உணவு எடுத்தார்" என்று எழுதிக் கையெழுத்து வைக்கலாம். ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் உடம்பில் சீனி இறங்கிக்கொண்டே போய் மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் உயிரும் போகும்.

அன்று மாத்தளை அம்மன் தேர்.

மாசி மாதத்துத் தேர் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஐந்து தேரும் கோயிலை விட்டுக் கிளம்பி வீதிக்கு வரும்போது மாத்தளையில் நிற்க இடமிருக்காது. அன்று வாட்டில் மூன்று பேருக்குப் பதில் இரண்டே தாதிகள். இருந்தும் பதினொரு மணிக்குப் போகிறேன் என்று சிஸ்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். பையில் புதுச் சேலை மடித்து வைத்திருந்தேன். காலையில் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. அம்மன் தேருக்கு நானும் விரதம்.

ஏழே கால் மணி. பாண் ரொட்டியும் பருப்பும் வைத்த தட்டு பாக்கியத்தின் கட்டிலோரத்து அலுமாரி மேல் இருந்தது. தட்டு வந்துவிட்டது, அந்த மட்டுக்கும் சட்டப்படிதான் செய்தேன். வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டேன்: "சாப்பிட்டுருவீங்கதானே அக்கா?"

"ஆமாங்க மிஸி."

அடுத்த கட்டில், அடுத்த கட்டில் என்று ஆறு பேருக்கும் ஊசி போட்டேன். பிறகு மேசையில் உட்கார்ந்து ஆறு டிக்கெட்டிலும் ஒரே மூச்சில் "காலை உணவு எடுத்தார்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரண்டாம் சுற்று போகவில்லை. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்குப் புத்தி அன்று தேரடியில் நின்றது.

பத்து மணியிருக்கும். கழிவறைப் பக்கமிருந்து மெனிக்கே கத்தினாள். ஓடினேன். பாக்கியம் வாசற்படியில் விழுந்து கிடந்தாள். ரவிக்கை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. வலது கை மணிக்கட்டில் மடிந்து, இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் பாரிசவாதம் என்று நினைத்தேன். சிஸ்டர் வந்து நெற்றியில் புறங்கையை வைத்தார். "மீற்றர்" என்றார். வாட்டுக்கு ஒரே ஒரு சீனி பார்க்கும் மீற்றர்தான், அவருடைய அலுமாரியில் பூட்டியிருக்கும். சாவியை வாங்கி ஓடிப்போய் எடுத்துவந்து, விரலில் குத்திப் பார்த்தேன். இருபத்தெட்டு என்று காட்டியது. நூறு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தெட்டு.

நரம்பு அகப்படவில்லை. இரண்டு தரம் டொக்டருக்குத் தவறியது. மூன்றாம் தரம் சிஸ்டர் குத்திப் பிடித்தார். கெட்டிக் குளுக்கோஸை மெல்ல மெல்ல ஏற்ற ஏற்ற, பாக்கியத்தின் இமை அசைந்தது. "தேர் கெளம்பிருச்சா?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது.

நான் ஏழாம் கட்டிலுக்கு ஓடினேன். தட்டு காலியாக, கழுவிக் கவிழ்த்திருந்தது. எட்டாம் கட்டில் பெண் அழுதுகொண்டிருந்தாள். "ஒம்பது மணி வரைக்கும் தட்டை அப்பிடியே வச்சிருந்துட்டு, அக்கா பாணை எனக்குக் குடுத்துட்டாங்க மிஸி. இன்னைக்கி அவங்க விரதம். தேர் கெளம்புற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதாம். மிஸிக்கிட்ட சொல்லாதேன்னாங்க, சொன்னா வைவீங்களாம்."

என் வயிறும் அந்த நேரம் காலியாகத்தான் இருந்தது.

சிஸ்டர் என் பின்னால் வந்து நின்றிருக்கிறார். நான் திரும்பவில்லை. அவர் சிங்களத்தில், வழக்கம் போலச் சத்தமில்லாமல் கேட்டார்: "இன்றைக்கு விரத நாள் என்று இந்த வாட்டில் உன்னைத் தவிர வேறு எந்தத் தாதிக்குத் தெரியும்?"

மற்ற தாதிகள் எல்லாரும் சிங்களப் பெண்கள். அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால் அறியாமை. நான் கேட்காமல் விட்டது வேறு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இளம் டொக்டர் டிக்கெட்டோடு வந்தார். முதல் நியமனம். முகம் வெளுத்திருந்தது. "மிஸ், சாப்பிட்டார் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும். நோயாளி உணவை ஒளித்தார் என்று நான் கீழே ஒரு வரி எழுதுகிறேன். ஒளித்தது உண்மைதானே? உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் அவரைவிடப் பயந்திருந்தேன். அப்பா செத்து இரண்டு வருஷம். தம்பி படித்துக்கொண்டிருந்தான். வேலை போனால் தோட்டத்து லயத்து வீட்டுக்குத்தான் திரும்பவேண்டும். அவர் சொன்னது சரி என்று மனம் உடனே ஒப்புக்கொண்டது, அதை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

சிஸ்டர் தன் பேனாவை என் முன்னால் வைத்தார். "என்ன எழுத என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தரம் அடியிலிருந்து வாசி" என்று சொல்லிவிட்டுப் பாக்கியத்திடம் போய்விட்டார்.

வாசித்தேன். வலது மணிக்கட்டு முறிவு. விழுந்து கிடந்தார். வியர்வை, நினைவில்லை. சீனி இருபத்தெட்டு. அதற்கு மேலே, என் கையெழுத்தில், காலை உணவு எடுத்தார். அந்த ஒரு வரி மட்டும் சோற்றில் கல் போலக் கடித்தது. பாத்ததா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

டிக்கெட்டில் எதையும் அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. பழையது வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கோட்டைப் போட்டேன். "பார்க்காமல் எழுதினேன். நோயாளி விரதம் என்பதைக் கேட்கவில்லை. இரண்டாம் சுற்று செல்லவில்லை" என்று எழுதினேன். டொக்டர் அதை வாசித்தார். பிறகு அவர் எழுத நினைத்த வரியை எழுதாமல், முறிவுக்குச் செய்த சிகிச்சையை மட்டும் எழுதிவிட்டுப் போனார். சேலை பையிலேயே கிடந்தது. தேர் எப்போது கிளம்பியது என்று எனக்குத் தெரியாது.

மாலையில் பார்க்க விடும் நேரத்தில் பாக்கியத்தின் புருஷன் சின்னையா வந்தார். கூடவே மகள், ஏழு மாத வயிற்றோடு. அப்போதுதான் விரதம் எதற்கென்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. இந்த முறை பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று பாக்கியம் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள்.

பாக்கியம் மாக்கட்டுப் போட்ட கையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சின்னையா ஏசிக்கொண்டிருந்தார். "சாமிக்கு நேந்துட்டு குளுக்கோஸ ஏத்திக்கிட்டு கெடக்குறா. அதான் ஆத்தா கைய ஒடச்சிட்டா."

"புள்ளைக்கி ஏதாச்சும் ஆச்சின்னா நாந்தாங்க காரணம். நாந்தான்" என்று சுவரைப் பார்த்தே அழுதாள் பாக்கியம். மகள் வயிற்றில் கைவைத்தபடி நின்றாள்.

நான் வாட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். சிஸ்டர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். "நின்றுகொண்டு சொல்லாதே. அவள் படுத்திருக்கிறாள், நீயும் உட்கார்ந்து சொல்" என்றார். அவரும் போகவில்லை, கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

உட்கார்ந்தேன். ஒப்பனை இல்லாமல் சொன்னேன். "அக்கா, இது ஆத்தா செஞ்சது இல்ல. ஊசி போட்டா சாப்பிடணும். நீங்க சாப்பிட்டீங்களான்னு நான் திரும்பி வந்து பாத்திருக்கணும். பாக்கல. பாக்காமலே சாப்பிட்டதா எழுதிட்டேன். தேருக்குப் போற அவசரம். நானும் இன்னைக்கி விரதந்தான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். குத்தம் என் மேலதான்."

சின்னையா தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு கேட்டார்: "இத எழுதித் தருவீங்களா மிஸி?"

"டிக்கெட்டுல எழுதியிருக்கேங்க. அழிக்க முடியாது" என்றேன்.

அவர் மன்னிக்கவில்லை. மன்னிப்பார் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் பாக்கியம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். "அப்ப ஆத்தா என்னையத் தண்டிக்கலீங்களா?"

"இல்லக்கா. தண்டிக்கிறதுனா என்னையத்தான் தண்டிக்கணும்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். ஆனால் அது வேறு அழுகை.

சின்னையா முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். செய்தது சரி. மாத்தளையில் சுகாதார அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டிக்கெட்டை நடுவில் வைத்து, அந்த ஒற்றைக் கோட்டைக் காட்டி, யார் சொல்லி இதைத் திருத்தினீர்கள் என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை என்றேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேலையில் விட்டார்கள். வெளியே வந்தால் வாங்குப் பலகையில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். லீவு போட்டுவிட்டு நாவுலயிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து என் கையில் வைத்தார், அவ்வளவுதான். இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

மிக முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. பாக்கியம் இன்னும் பத்து நாள் வாட்டில் இருந்தாள். வலது கை கட்டுக்குள். பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து நான்தான் ஊட்டினேன். மூன்றாம் நாள் வாய் நிறையப் பாணோடு சொன்னாள்:

"ஒண்ணு சொல்லட்டுங்களா மிஸி? சாப்பிட்டியான்னு கேட்டா எவ இல்லேன்னு சொல்லுவா? ரோட்டுல பாத்தா கேக்குறோம், ஆமாங்குறோம், போயிடுறோம். பசியோட இருந்தாலும் ஆமாங்கிறதுதான மரியாத. என்னா சாப்பிட்டேன்னு கேட்டிருந்தீங்கன்னா மாட்டியிருப்பேன். எனக்குச் சட்டுன்னு பொய் வராது."

கால்மாட்டில் நின்ற சிஸ்டர், அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். கராம்பு மெல்வதை நிறுத்திவிட்டார். அன்று மாலையே மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதி, இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டவைத்தார். "சாப்பிட்டீர்களா என்று கேட்காதே. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள்." பிறகு மருந்துக்கும் அதையே கொண்டுவந்தோம். மாத்திரை போட்டீங்களா என்று கேட்பதில்லை, எந்த மாத்திரையை எப்போது போட்டீங்க என்போம். விளங்கியதா என்று கேட்பதில்லை, வீட்டில் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க என்போம். தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத இதை எங்களுக்குச் சொல்லித்தந்தவள் கொழுந்து பறிக்கிறவள்.

வைகாசியில் பாக்கியத்துக்குப் பேத்தி பிறந்தது. மூன்றாம் மாதம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். குழந்தையை இடது கையில் ஏந்தியிருந்தாள். வலது மணிக்கட்டு கோணலாகப் பொருந்திவிட்டது. கொழுந்துக்கு அந்தக் கை இனி வளையாது என்று புல் வெட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

"கை எப்படிக்கா இருக்கு?"

"மழைக்கி வலிக்கிதுங்க மிஸி" என்றாள். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, எட்டாம் கட்டிலில் இப்போது யார் என்று எட்டிப் பார்க்கப் போய்விட்டாள்.

இனி போன ஆடிக்கு வருகிறேன். என் கால் புண் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை விரல் போனதைப் பார்த்திருக்கிறேன், எத்தனை கால் போனதைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு நிறம் எங்கே தொடங்கும் என்று எனக்குத் தெரியும். இரவெல்லாம் போர்வையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி வெள்ளி வந்தது. காலை எடுக்கவேண்டி வராமல் போகட்டும் தாயே என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். மத்தியானம் வரைக்கும்தானே, சீனியைப் பற்றி எனக்குத் தெரியாததா? பாண் தட்டை மூடி அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ருஸ்னா வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஊசி தயார். திரையில் அதே இரண்டு பெட்டி.

"மிஸ், சாப்பிட்டீங்களா?"

"ஆமா மகள்."

எவ்வளவு லேசாக வந்தது! என் அம்மாவின் குரலில், மீனாச்சியின் குரலில், பாக்கியத்தின் குரலில் வந்தது. ஊருக்குத்தானடி உபதேசம் என்று உள்ளே யாரோ சிரித்தார்கள். ருஸ்னாவின் விரல் "ஆம்" பெட்டிக்கு மேலே போய், தொடாமல் நின்றது.

"என்ன சாப்பிட்டீங்க?"

வாயைத் திறந்தேன். பாக்கியத்தைப் போல எனக்கும் சட்டென்று பொய் வரவில்லை.

ருஸ்னா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டுத் தட்டை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள். "நோன்பா மிஸ்?" என்றாள் மெதுவாக. "எங்கட உம்மாவும் இப்பிடித்தான் ஒளிப்பாங்க."

கண் கலங்கிவிட்டது. கால் போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவள் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருக்கிறது, கறுக்கவில்லை என்றாள்.

"ஒனக்கு இப்பிடிக் கேக்கச் சொல்லித் தந்தது யாரு மகள்?"

"இந்த வாட்டுல எல்லாரும் அப்பிடித்தான் கேப்போம் மிஸ். ஆரு தொடங்கினதுன்னு தெரியா."

இன்சுலின் வைக்கும் குளிர்ப்பெட்டி மாறிவிட்டது, சிஸ்டரின் தாளும் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது. அதை யார் தொடங்கியது என்று ருஸ்னாவும் மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன்.

பாணைப் பிய்த்தேன். முதல் வாய் உள்ளே போகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு ஊசியைப் போட்டாள். பெட்டியைத் தொடாமலே அடுத்த கட்டிலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, என் தட்டைத் தூக்கிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் "ஆம்" என்பதைத் தொட்டாள்.